வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுபவருக்கு மேசை, கதிரை, கரண்ட்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் வீட்டு அறை ஒன்றிலிருந்து ஏழு வருடமாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுகிறேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்து முதல் ரிமோட் வேலை கிடைத்ததும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் அழைத்து, "அண்ணா, என்ன கதிரை வாங்குவது?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கே பாடமாகிவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். விலை எதுவும் இதில் இல்லை. 2022க்குப் பிறகு இங்கே விலை எழுதுவது நீர்மேல் எழுத்துத்தான்.

முதல் சம்பளம் கைக்கு வந்துவிட்டது. முதலில் வாங்குவது கதிரையா, மேசையா?

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எந்த நாட்டுக்கு வேலை செய்கிறீர்கள்? மற்றப் பதில்கள் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வரும்.

மெல்போர்ன் நிறுவனம் என்றால் அவர்களுடைய காலை 9 மணி நமக்கு விடியப்புறம் 4.30. அவர்களுக்குக் கோடை வந்தால் 3.30. மத்தியானச் சோற்றுக்கு முன் உங்கள் நாள் முடிந்துவிடும். லண்டன் என்றால் அவர்களுடைய கோடையில் பகல் 1.30 தொடக்கம் இரவு 9.30 வரை, குளிர்காலத்தில் ஒரு மணித்தியாலம் பிந்தும். டொரோண்டோ என்றால் பின்னேரம் 6.30க்குத் தொடங்கி நடுச்சாமம் 2.30 வரை போகும், குளிர்காலத்தில் அதுவும் ஒரு மணித்தியாலம் தள்ளும்.

மெல்போர்ன்காரருக்கு வெப்பம் பெரிய பிரச்சினை இல்லை. வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது வெளிச்சமும் சத்தமும் வெளியே போகாத அறை வேண்டும். லண்டன்காரருக்கு நாளின் மிக மோசமான வெக்கை முழுக்கச் சொந்தம். டொரோண்டோகாரருக்கு அந்தி நுளம்பும், பகல் தூக்கத்துக்கு இருட்டான ஒரு இடமும். ஒரே வீட்டில் இந்த மூன்று பேருக்கும் மூன்று வேறு அறைகள் பொருந்தும்.

நான் லண்டன்காரன். முதல் வருடம் வாவி தெரிகிற மேற்கு அறையில் மேசையைப் போட்டேன். பின்னேரம் மூன்று மணிக்கு லெப்டொப்பின் உள்விசிறி இரைய, யன்னலால் வந்த வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாமல், துவாயை யன்னலில் தொங்கவிட்டுத்தான் வேலை செய்தேன். வாவி என்ன, பக்கத்து வீட்டு மாமரம்கூடத் தெரியவில்லை.

அப்படியென்றால் எந்த அறை?

நம்முடைய கரையில் கிழக்கே கடல், மேற்கே வாவியோ வயலோ. கிழக்கு அறை காலையில் சுட்டு, பத்து பதினொரு மணிக்கு மேல் ஆறத் தொடங்கும். மேற்கு அறை மத்தியானம் தொடங்கிச் சுடும், சுவர் இரவு ஒன்பது மணிக்கும் கணகணவென்று இருக்கும். மே தொடக்கம் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று வருவதும் அந்தப் பக்கத்தால்தான். வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு: கொறிக்கிற கச்சான் வேறு, இது நாட்டின் நடுவால் கடந்து உலர்ந்து சூடாகி வருகிற மேல்காற்று. அது அடிக்கிற மத்தியானத்தில் மேற்கு யன்னலைத் திறந்து வைத்தால் காற்று வராது, அடுப்பு வாயால் ஊதுவது போல வெக்கையும் கீபோர்டுக்குள் மண்ணும்தான் வரும். மூடிவிட்டு ஃபேனைப் போடுவது மேல்.

ஆகவே காலை வேலைக்கு மேற்கு அறை, பின்னேர வேலைக்குக் கிழக்கு அறை. வடக்கு யன்னல் எந்நேரமும் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள், அதில் ஒரு திருத்தம் உண்டு. மட்டக்களப்பு இருப்பது வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 7.7 பாகையில். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலிலும் வெயில் சரிந்து விழும். யன்னலுக்கு மேல் ஒரு சிறிய மறைப்பு இருந்தால் போதும், அதற்குப் பிறகு நான்கு திசையிலும் அதுதான் சிறந்தது.

யன்னல் எப்போதும் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் விம்பம் விழும். முகத்துக்கு நேரே இருந்தால் கடற்கரை வானத்தின் பளிச்சத்தில் கண் சுருங்கும், மாலையில் தலை இடிக்கும்.

இன்னொன்று: வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறியுங்கள். உள்ளே தடித்த திரைச்சீலை போட்டால் வெளிச்சம் குறையும், சூடு ஏற்கனவே அறைக்குள் வந்துவிட்டது. யன்னலுக்கு வெளியே ஒரு கிடுகுத் தட்டியைச் சாய்த்துக் கட்டிப் பாருங்கள். என் அம்மம்மா விறாந்தையில் செய்தது இதைத்தான். செலவு குறைந்த இதைவிட நல்ல மாற்றம் என் அறையில் வேறொன்றும் நடக்கவில்லை.

நாங்கள் காத்தான்குடியில். யன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். திசை பார்க்க எங்கே போவது?

காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் இருந்து இந்தக் கேள்வி நிறைய வரும். நெருக்கமான வீடுகளில் ஒரு நன்மை உண்டு: பக்கத்துச் சுவர் உங்கள் சுவருக்கு நிழல் தருகிறது. கீழ்மாடியின் உள்ளறையில் இருங்கள், மேல்மாடிக்கு ஆசைப்படாதீர்கள். கொங்கிரீட் கூரைக்கு நேர் கீழே உள்ள அறை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்து, இரவு பத்து மணிக்குத்தான் உங்கள் தலையில் இறக்கும். சீற் கூரை என்றால் பகலிலேயே இறக்கிவிடும், இருட்டியதும் ஆறிவிடும். அதனால் டொரோண்டோ வேலைக்குச் சீற் கூரை அறை பரவாயில்லை, லண்டன் வேலைக்கு வேண்டாம்.

உள்ளறை இருட்டாக இருக்கும். சுவருக்கு வெள்ளை அடித்து, சுவரைப் பார்த்தபடி ஒரு எல்ஈடி விளக்கைத் திருப்பி வையுங்கள். திரும்பி வருகிற வெளிச்சம் கண்ணில் குத்தாது. காற்று நகர, உயரத்தில் ஒரு வெளியேற்று விசிறி பொருத்தலாம். வெளிச்சம் வாங்குவது சுலபம், குளிர்ச்சி வாங்குவதுதான் கஷ்டம்.

ஏசி போட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீர்ந்துவிடும் அல்லவா?

பத்துக்குப் பத்து அடி அறைக்கு 9000 பிடியூ வலு உள்ள ஏசி போதும். காற்றின் ஈரத்தையும் எடுத்துவிடும், கருவிகளுக்கும் நல்லது. ஆனால் கரண்ட் போனால் ஏசியும் போகும், அடைத்து மூடிய அந்த அறை பத்து நிமிடத்தில் அவியத் தொடங்கும். நிழலும் காற்றோட்டமும் முதலில், ஏசி அதற்குப் பிறகு. நான் வருடத்தில் மூன்று நான்கு மாதம் பாவிக்கிறேன், அதுவும் ஃபேனைச் சேர்த்துப் போட்டு 27இல் வைத்து. ஃபேன் காற்று முகத்துக்கு நேரே வராமல் தோளுக்குப் பின்னாலோ பக்கத்தாலோ வரட்டும். நேரே வந்தால் கண் வறண்டு எரியும், மீட்டிங்கில் உங்கள் மைக்கிலும் புயல் அடிக்கும்.

சரி, இப்போதாவது மேசை. என்ன உயரம்?

இதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள்.

கடையில் விற்கிற மேசைகள் பெரும்பாலும் 29, 30 அங்குலம். அந்த அளவு சப்பாத்துப் போட்ட, உயரமான ஆட்களை மனதில் வைத்து வந்தது. நாம் வீட்டில் வெறுங்காலோடு இருக்கிறோம், அதிலேயே ஒரு அங்குலம் போய்விட்டது. ஐந்தடி நாலு அங்குலம் உயரமான ஒருவர் பாதம் தரையில் படும்படி இருந்தால் அவருடைய முழங்கை நிலத்திலிருந்து 25, 26 அங்குலத்தில் நிற்கும். அவர் 30 அங்குல மேசையில் தட்டச்சு செய்தால் எட்டு மணித்தியாலமும் தோளைத் தூக்கியபடி இருக்கிறார் என்று அர்த்தம். பிறகு "பிடரி நோகுது" என்று எண்ணெய் தேய்த்து என்ன பயன்?

அளக்கும் முறை: கதிரையில் நன்றாகப் பின்னால் சாய்ந்து இருங்கள். பாதம் முழுதாகத் தரையில். மேல்கை தொங்கட்டும், முழங்கையை மடியுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். கீபோர்ட் இருக்க வேண்டிய உயரம் அதுவே, அல்லது அதற்கு ஒரு அங்குலம் கீழே.

நம் ஊரில் இதற்கு வழி இருக்கிறது, கொழும்பு மாடிவீட்டுக்காரருக்கு இந்த வசதி இல்லை. ஓடாவியாரிடம் போங்கள். உங்கள் அளவுக்கு ஒரு மேசை செய்து தருவார். சொல்ல வேண்டியவை: உயரம் உங்கள் அளவு, நீளம் நாலரை அடி, ஆழம் இரண்டரை அடி. ஆழத்தைக் குறைக்க விடாதீர்கள், திரை கைநீட்டுகிற தூரத்தில் நிற்க அது வேண்டும். முன் விளிம்பை உருட்டச் சொல்லுங்கள், கூர் விளிம்பு மணிக்கட்டை அழுத்தும். லாச்சி வேண்டாம் என்று அடித்துச் சொல்லுங்கள். மேசை என்றால் லாச்சி வைத்தே தீருவார்கள், அந்த லாச்சி உங்கள் தொடையில் இடிக்கும். பின்பக்கம் வயர் போக ஒரு ஓட்டை. என் மேசை பழைய கதவுப் பலகையில் செய்தது. தேக்கோ முதிரையோ, பழைய பலகை கிடைத்தால் விடாதீர்கள்.

பளபளவென்று அமுக்குப் பலகையில் வருகிற மேசைகள் மார்கழி மழையில் ஓரம் ஊதிவிடும். சுவரோடு ஒட்டி வைத்தால் கறையானும் கண்டுபிடித்துவிடும்.

வீட்டில் சாப்பாட்டு மேசை சும்மா இருக்கிறது. அது போதாதா?

உயரம் கூட. கதிரையை உயர்த்தி, காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகை வைத்தால் போதும். ஆனால் மத்தியானம் மீன் குழம்பு வரும் நேரத்தில் உங்கள் கீபோர்ட் எங்கே போகும் என்று யோசியுங்கள்.

கேமிங் கதிரை நல்லதா?

பார்க்க நல்லது. என்னுடையது ரெக்சின் போன்ற செயற்கைத் தோல் போட்டது. இரண்டாவது வருடத்தில் உரியத் தொடங்கி, சாறனிலும் முதுகிலும் கறுப்புச் செதிலாக ஒட்டியது. இந்தச் செயற்கைத் தோலின் மேற்பூச்சு ஈரமும் சூடும் சேர்ந்தால் சிதைந்துவிடும் தன்மை கொண்டது. கடற்கரை ஊரில் வியர்வையும் சேரும்போது அது நீடிக்க வழியில்லை. கூடவே, காற்றுப் போகாது. பத்து நிமிடம் இருந்து எழும்பினால் முதுகு நனைந்திருக்கும்.

வலை முதுகு உள்ள ஒபிஸ் கதிரை எடுங்கள். கொழும்பில் ஒபிஸ்கள் மூடும்போதும் மாறும்போதும் பாவித்த கதிரைகள் நிறைய விலைக்கு வருகின்றன. புதிய மலிவுக் கதிரையைவிடப் பாவித்த நல்ல கதிரை எவ்வளவோ மேல். வாங்கும் முன் அதில் ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள், மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் வாயுத் தண்டு முடிந்துவிட்டது. பின்னால் சாய்ந்து இருக்கும்போது முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் போக வேண்டும். போகாவிட்டால் இருக்கை உங்களுக்கு நீளம். மிகத் தாழ்த்தினால் பாதம் தரையில் படுகிறதா என்று பெண்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், பல கதிரைகள் அவ்வளவு இறங்குவதில்லை. கைப்பிடி மேசைக்குக் கீழே போகுமா? போகாத கைப்பிடியைக் கழற்றி வீசிவிடலாம், கதிரை அழாது.

இப்போதைக்குப் பிளாஸ்டிக் கதிரைதான் இருக்கிறது.

முதல் மூன்று மாதம் சமாளிக்கலாம். இருக்கையில் மடித்த சீலை, இடுப்பு வளைவில் மருதமுனைச் சாறன் ஒன்றைச் சுருட்டிக் கட்டி வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழும்புங்கள். நல்ல கதிரையிலும் எழும்பத்தான் வேண்டும், பிளாஸ்டிக் கதிரை அதை ஞாபகப்படுத்தும்.

எனக்குப் பாயில் சம்மணம் போட்டிருந்தால்தான் மூளை ஓடும். பிழையா?

பிழை இல்லை. பன்பாயில் இருந்து ஒரு மணித்தியாலம் யோசிக்கலாம், தாளில் எழுதலாம். ஆனால் மடியில் லெப்டொப்பை வைத்துக் குனிந்தபடி நாள் முழுக்க என்றால் நாரி பழிவாங்கும். தாழ்ந்த மேசை ஒன்றையும் சுவரில் சாய ஒரு தலையணையையும் சேருங்கள், நாளில் ஒரு பங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் படுத்தபடி வேலை பற்றி யாரும் கேட்கவில்லை, எல்லாரும் செய்கிறார்கள். நானும் செய்தேன், இரண்டு கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல் போனேன்.

மொனிட்டர் அவசியமா? லெப்டொப் மட்டும் போதாதா?

லெப்டொப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதுதான் சிக்கல். திரை சரியான உயரத்தில் என்றால் கை தூக்கி நிற்கும், கை சரியாக இருந்தால் தலை குனியும். ஆகவே முதலில் வாங்க வேண்டியது தனிக் கீபோர்டும் மவுசும். பிறகு லெப்டொப்பைப் பழைய பாடப்புத்தகங்களின் மேல் ஏற்றுங்கள், திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வரட்டும். என்னுடையது உயர்தர இரசாயனவியல் புத்தகங்களின் மேல்தான் நின்றது. அந்தப் புத்தகங்களால் எனக்குக் கிடைத்த பெரிய பலன் அது.

பணம் சேர்ந்ததும் 24 அல்லது 27 அங்குல மொனிட்டர் ஒன்று. இரண்டு வைத்தால் அதிகம் பார்ப்பது நேர் எதிரே, மற்றது பக்கத்தில். இரண்டையும் நடுவில் சேர்த்து வைத்தால் கழுத்து எந்நேரமும் ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். சிறிய எழுத்தில் நிறைய வரிகள் தெரிவது கெட்டித்தனம் என்று ஒரு எண்ணம் நம் பெடியன்களிடம் உண்டு. தலை முன்னுக்கு நீண்டுகொண்டே போவதுதான் மிச்சம்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்வார்கள். யன்னல் பக்கவாட்டில் இருந்தால் அது தன்பாட்டில் நடக்கும்.

நின்றபடி வேலை செய்யும் மேசை?

வேண்டாம். விறாந்தை அரைச்சுவரில் லெப்டொப்பை வைத்து ஒரு மீட்டிங்கை நின்றபடி முடியுங்கள், அதுவே போதும்.

கரண்ட் போனால் என்ன செய்வது? யூபிஎஸ் போதுமா?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அப்படி இல்லை. ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்க இருண்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தப்பினேன். நமக்கு அதோடு வடகீழ் பருவக்காற்றும் இருக்கிறது. நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை தென்னோலை விழுந்து வயர் அறுவது வருடாந்த வழக்கம்.

கடையில் எல்லாரும் வாங்கும் 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி. பெருக்கினால் 84 வாட்-மணி. மொனிட்டரும் கணினியுமாக 120 வாட் இழுத்தால் கணக்கில் 40 நிமிடம் வரும், ஆனால் இவ்வளவு வேகமாக இழுத்தால் சின்னப் பற்றரி முழுதையும் தராது, கால் மணித்தியாலம் தாங்கும். சேமித்து மூடத்தான் அது, வேலை செய்ய அல்ல.

உங்கள் கணக்கை நீங்களே போடலாம். லெப்டொப் 50 வாட், மொனிட்டர் 25, ரவுட்டர் 10, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் புதிய வகை ஃபேன் 35. மொத்தம் 120. நாலு மணித்தியாலத்துக்கு 480 வாட்-மணி. 12 வோல்ட் 100 அம்பியர்-மணி ஈய அமில பற்றரியில் 1200 இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரி கெதியில் செத்துவிடும். மிச்சம் 600, பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரில் போகும் இழப்பைக் கழித்தால் 500 சொச்சம். ஆக, ஒரு 100 அம்பியர்-மணி பற்றரியும் ஒரு இன்வெர்ட்டரும் நாலு மணித்தியாலத்துக்குப் போதும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகையில் முக்கால்வாசிக்கு மேல் இறக்கலாம், பல வருடம் நிற்கும், கைக்காசு கூடப் போகும். இன்வெர்ட்டர் தூய சைன் அலை தருவதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவானது போட்டால் ஃபேன் வண்டு போல் இரையும்.

கூரையில் சோலார் இருக்கிறது, கவலை இல்லை என்பவர்களுக்கு: பற்றரி இல்லாமல் மின்கம்பத்தோடு மட்டும் இணைத்த சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு அடிக்காமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு.

இவ்வளவும் முடியாதா? ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வாங்குங்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் ரவுட்டரைத் தாங்கும், லெப்டொப் தன் பற்றரியில் ஓடும். இந்தப் பக்கம் என் அனுபவத்தில் காசுக்கு அதிகம் பலன் தந்த சாமான் இதுதான்.

இணைப்பு அறுந்தால்?

இரண்டு வழி வேண்டும், இரண்டும் வேறு வேறு நிறுவனமாக. வீட்டுக்குப் பைபர் வந்தால் அது முதல், 4ஜி இரண்டாவது. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று படுவான்கரைப் பக்கம் பைபர் வராத இடங்களில் 4ஜி ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் திசை யன்னலில், முடிந்தவரை உயரத்தில் வையுங்கள். அங்கிருந்து மேசைக்கு லேன் வயர் இழுங்கள். சிக்னலுக்காக மேசையை நகர்த்தாதீர்கள், ரவுட்டரை நகர்த்துங்கள். நீண்ட மின்வெட்டில் கோபுரத்தின் பற்றரியும் தீரும், அப்போது இரண்டாவது வழியும் மெலியும். அடைமழை அறிவித்தால் முதல் நாளே தேவையான லைப்ரரிகளையும் ஆவணங்களையும் இறக்கி வைத்துவிடுங்கள். எழுதும் கோட்டின் மாற்றங்களை நம் கணினியிலேயே பதிந்து வைக்கும் கிட் (Git) இருக்கும்வரை இணைப்பில்லாமலும் ஒரு நாள் ஓட்டலாம்.

மீட்டிங்கில் சத்தம். பாண் ஓட்டோ, மீன்காரர், கோயில் லவுட்ஸ்பீக்கர்...

பாண் ஓட்டோவின் இசை என் லண்டன் மேலாளருக்கு இப்போது மனப்பாடம். வாய்க்கு அருகில் மைக் வருகிற ஹெட்செட் ஒன்று வாங்குங்கள், இது கெமராவைவிட முக்கியம். அறையில் எதிரொலி இருந்தால் பின்சுவரில் பாயோ தடித்த துணியோ தொங்கவிடுங்கள். சீமேந்துச் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போலிருக்கும்.

மற்றது நாட்காட்டி. பாங்கு நேரம் தெரிந்ததே, அந்த நேரம் ஐந்து நிமிடம் மைக்கை மூடினால் போதும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடியில் மாமாங்கம், பிறகு ஊர்க்கோயில் திருவிழாக்கள். அந்தக் கிழமைகளில் முக்கியமான டெமோ எதையும் வீட்டில் வைக்காதீர்கள், அல்லது இரண்டு தெரு தள்ளி ஒரு உறவுக்காரர் வீட்டைக் கேட்டு வையுங்கள். சம்மாந்துறை, நிந்தவூர் வயற்கரையில் இருப்பவர்களுக்கு மாசி பங்குனி அறுவடையும் உண்டு: சத்தம் கொஞ்சம், தூசி அதிகம், வைக்கோல் எரித்தால் புகையும். யன்னலை மூடி வையுங்கள்.

வீட்டில் இருப்பதால் சும்மா இருக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

"மனே, சும்மாதானே இருக்கிறாய், கடைக்கு ஒருக்காப் போயிட்டு வா." அம்மா இதைச் சொன்னபோது நான் நிறுவனத்தின் விழுந்துபோன சேவர் (server) ஒன்றை மறுபடி ஓட வைத்துக்கொண்டிருந்தேன். மறுகா என்ன, போனேன்.

கதவு இருந்தால் மூடுங்கள். கதவு இல்லையென்றால் ஒரு திரை: போட்டிருந்தால் ஒபிஸ், விலக்கினால் வீடு. பெண்களுக்கு இது இன்னும் கடினம். விருந்தாளி வந்தால் தேத்தண்ணி போட எழும்ப வேண்டியது அவர்கள் என்றே வீடு நினைக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி மேசையை ஹோலில் இருந்து உள்ளறைக்கு மாற்றினாள். வேலை இடத்தை மாற்றியதில் முதுகுக்குக் கிடைத்ததைவிட மனதுக்குக் கிடைத்தது அதிகம் என்றாள். குசினியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அளவு நாடாவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேசைக்குக் கீழே நுளம்பு.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, காலையிலும் அந்தியிலும் அதிகம். இருட்டான தாழ்ந்த இடங்களில் ஒதுங்கும். உங்கள் மேசையின் அடி அதற்குச் சொல்லிவைத்த மாதிரி. யன்னலுக்கு வலை அடியுங்கள், தரையில் ஒரு சின்ன ஃபேனைக் காலைப் பார்த்து வையுங்கள், அந்தக் காற்றில் அதற்குப் பறக்க முடியாது. பூச்சட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். சுருள் கொளுத்தி மூடிய அறையில் எட்டு மணித்தியாலம் இருப்பது நல்லதல்ல.

இரவு வேலைக்கு லைட்டை அணைத்துவிட்டு இருப்பது நல்லதா?

இல்லை. இருட்டில் திரை மட்டும் எரிந்தால் கண் களைக்கும். மொனிட்டருக்குப் பின்னால் சுவரில் மங்கிய மஞ்சள் விளக்கு ஒன்று போதும்.

கடற்காற்று, எறும்பு, இடி. கருவிகளை எப்படிக் காப்பாற்றுவது?

கல்லடி, காரைதீவு, திருக்கோவில் என்று கடலுக்கு அருகில் இருந்தால் யூஎஸ்பி வாய்களிலும் பிளக் முனைகளிலும் பச்சை பிடிக்கும். பாவிக்காத வாய்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். இரவில் கடற்பக்க யன்னலைச் சாத்துங்கள். லெப்டொப்பைப் பாவிக்காத நாளிலும் கொஞ்சம் ஓட விடுங்கள், அந்தச் சூடு ஈரத்தை விரட்டும்.

மேசைக்கென்று தனியாக நிலத்தொடர்பு உள்ள சதுர முனை பிளக் பொயின்ட் ஒன்று போடச் சொல்லுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் கோட்டில் இன்னொன்றைச் சொருகி ஓட்டாதீர்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் அன்றே மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இடி அதிகம் மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும். பைபர் கண்ணாடி இழை, அதனால் மின்னல் வராது என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். இழையால் வராது, ரவுட்டரின் அடப்டரால் வரும். முழக்கம் கேட்டதும் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே கழற்றுங்கள். வெளியில் அன்டெனா வைத்த 4ஜி ரவுட்டர் என்றால் அந்த வயரையும்.

எறும்புக்கு வெதுவெதுப்பான அடப்டர் என்றால் கொள்ளை ஆசை. என் பழைய ரவுட்டர் வேலை செய்யாமல் போய்த் திறந்து பார்த்தால் உள்ளே முட்டையோடு ஒரு குடும்பம். இப்போது ரவுட்டரைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, வயர் சுவரைத் தொடும் இடத்தில் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவுகிறேன். பல்லிக்கு மருந்தில்லை. இன்வெர்ட்டரின் காற்றுத் துளைகளுக்கு மேல் நுளம்பு வலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன், மாதம் ஒருமுறை அதில் படியும் தூசியைத் தட்டிவிட வேண்டும். கச்சான் மாதங்களில் கிழமைக்கு ஒருமுறை.